எல்லாக் கட்டைக்கும் ஒரே மரியாதை

…நான் எழுதின பாட்ட மூணாவது தடவையும் திருப்பிட்டான், தம்பி! திருப்பிட்டார்னு சொல்லணும், வாத்தியாராச்சே. என் ரெண்டாவது மகனவிட நாலு வயசு சின்னவன், வாயில 'ர்' வந்து தொலைய மாட்டேங்குது. நீங்க பாட்டுக்குப் பியானோ மூடியக் கழட்டுங்க. சுருதி பாக்க வந்த இடத்துல இந்தப் பெரியம்மா புராணம் எதுக்குன்னு நினைக்காதீங்க, உங்கள வரவழைச்சதே நான்தான். 'ஒண்ணு பியானோ பழுது, இல்ல வாத்தியார் காது பழுது. ஆள வச்சுப் பாத்துச் சொல்லுங்க'ன்னு கல்லூரி முதல்வருக்கு ரெண்டு பக்கம் எழுதினேன்ல!

முப்பத்தொரு வருஷம் தபால் பிரிச்ச கை இது. ஓய்வு வாங்கி, பக்திப் பாட்டுக்கு நாமளே மெட்டுப் போடுவோம்னு ஆசை ஆசையா இசையமைக்கப் படிக்க வந்தா… இங்க என்னடான்னா, மையமில்லா இசையாம்! ஒரு சுரத்தத் தொட்டுட்டா, மிச்சம் பதினொண்ணையும் தொட்டு முடிக்கிற வரைக்கும் அது பக்கம் திரும்பக் கூடாதாம். எல்லாக் கட்டைக்கும் ஒரே மரியாதையாம். எதுவும் வீடாயிடக் கூடாதாம்! பாட்டுன்னா எந்த லோகத்தச் சுத்தினாலும் கடைசியில ஆதார சுருதியோட காலடியில வந்து விழணும். அதுதானே தம்பி சரணாகதி? இது… எங்க ஆபீசுல விலாசமில்லாத கடிதாசி மூட்டையா வரும், அதக் கொட்டிக் கவுத்த மாதிரி இருக்கு.

சிரிக்காதீங்க. அதையும் நியமம் தப்பாமத்தான் எழுதினேன். எந்தச் சுரம் ஆச்சு, எது பாக்கின்னு மறந்துடும்ல? இந்தப் பியானோவுல இடது கோடியில, நான் வாசிக்கவே வாசிக்காத அடிக்கட்டை பன்னெண்டு இருக்கே, ஒரு சுரம் எழுதினா அங்க ஒரு கட்டை இடுக்குல துண்டுக் காகிதத்த மடிச்சுச் செருகுவேன். பன்னெண்டும் ரொம்பினா எல்லாத்தையும் உருவிட்டு அடுத்த வரி. தபால்காரி மூளை!

நான் இதுலயே வாசிச்சுக் காட்டினத அவன் கண்ண மூடிக் கேட்டுட்டு என்ன சொன்னான் தெரியுமா? "பெரியம்மா, எழுதினது சரி. ஆனா அடியில ஒரு சுரம் உயிரோட இருக்கு. மத்ததெல்லாம் அதுக்குப் பிள்ளைங்க மாதிரி கேக்குது." எனக்கு ஒண்ணும் கேக்கலையே! "உங்க காதுல வண்டு கிண்டு பூந்திருக்கும், பாருங்க"ன்னேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரிச்சுது. அவன் மூஞ்சி செவந்துபோச்சு… நல்லா வேணும்.

இன்னிக்குப் பதினோரு மணிக்கு நாலாவது தடவ. இதுவும் திரும்பினா என் பேர அடிச்சிடுவாங்க, அவ்வளவுதான். அதனால தம்பி, பழுது எதுலன்னு அறிக்கையில பளிச்சுன்னு…

என்னது? இடது கோடியிலயா? ஒரு கட்டை பாதி அமுங்கியே நிக்குதா?

அமுங்கினா… ஓ. கம்பியச் சத்தம் போடாம அமுக்கி வைக்கிற அடக்கி தூக்கிக்குமா. வேற எத வாசிச்சாலும் அந்தக் கம்பி தானா கூடவே முனகுமா.

இடுக்குல என்ன அது? காட்டுங்க.

'விலாசதாரர் இல்லை. அனுப்பியவருக்கே திருப்புக.' …எங்க ஆபீஸ் சீட்டு. ஓய்வு வாங்கினப்போ ஒரு கட்டு எடுத்துட்டு வந்தேன், எழுதிக் கிழிக்க ஆகும்னு. பன்னெண்டு செருகி, பதினொண்ணுதான் உருவியிருக்கேன்.

அறுபது வருஷமா சுருதியோடவே கெடந்த காது தம்பி. சொந்த மூச்சுச் சத்தம் யாருக்குக் கேக்கும்? எனக்குக் கேக்கல. அந்தப் பிள்ளைக்கு… அவருக்குக் கேட்டிருக்கு.

அறிக்கையில உள்ளத உள்ளபடியே எழுதுங்க. நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். வண்டுன்னு சொன்னதுக்கு வகுப்புல எல்லார் முன்னாடியும் நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்.

இருங்க, இப்ப வாசிச்சுப் பாக்குறேன்… கேட்டீங்களா? ஆத்தாடி, எவ்வளவு தனியா நிக்குது ஒவ்வொண்ணும்! இதத்தான் கேட்டாரா மனுஷன்… சரி, இதத்தான் பதினோரு மணிக்கு வாசிக்கணும்.

மணி பத்தரைதானே? தம்பி… அந்தச் சீட்ட, நான் ஒரே ஒரு தடவ கேக்குறதுக்கு, திரும்ப அங்கயே செருகுங்களேன்.