புகை கிளம்பிய இடம்

நம் திருச்செங்கோட்டுப் பக்கம் தண்ணீருக்குப் பத்து போர் போட்டால் ஆறில் புகைதான் வரும், வசந்தாமணி. பாறை அரைபட்டு எழும்பும் வெள்ளைத் தூசியைத்தான் புகை என்போம். பனைமரத்துக்கு மேலே போகும். அக்கம்பக்கத்தார் ஏசாமலிருக்க, குழிக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டு அடக்குவோம்.

எண்பத்துமூன்றில் நானும் உன் புருஷன் சென்னிமலையும் போர் போடும் வண்டியோடு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினோம். அந்த நாடு சுதந்திரம் வாங்கி நாலு வருஷம்தான். அங்கே கலெம்பா என்றொரு பள்ளிக்கூட வாத்தியார். வெள்ளைக்காரனை எதிர்த்து ஏழு வருஷம் சிறையில் கிடந்தவன். கொடி ஏறியதும் கூட இருந்தவர்கள் மந்திரியானார்கள், தோட்டங்களைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டார்கள். இவன் உழுதவனுக்கு நிலம் கேட்டான். கிடைக்கவில்லை. முந்நூறு குடும்பங்களோடு மறுபடியும் காட்டுக்குள் போய்விட்டான்.

அவன் குடிதண்ணீருக்கு எங்களைக் கூப்பிட்டது பட்டாளத்துக்குத் தெரிந்துபோனது. வண்டியைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அவன் ஒளிந்திருக்கும் இடத்தைக் காட்டினால் வண்டியோடு ஊருக்குப் போகலாம் என்றார் அதிகாரி. சென்னிமலைக்குச் சொல்லாமல், சரி என்றேன். வண்டி என்னுடையது.

வண்டியை விட்டதும் காட்டுக்குள் போனோம். கலெம்பா தங்கமான மனுஷன். சென்னிமலையிடம் நம் பேச்சைக் கற்றுக்கொண்டு, "தண்ணி வருமா சாமி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

காலையில் போர் ஓட்ட ஆரம்பித்தோம். தண்ணீர்க் குழாயை நான் திறக்கவில்லை.

"ஏனுங்ண்ணா, புகை இந்தப் போக்குப் போவுது, தண்ணி உடுலீங்களா?" என்றான் சென்னிமலை.

"குடிக்கறதுக்கே தண்ணி பத்தல. நீ ஓட்டு."

நம்பினான். டீசல் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு நான் கிளம்பினேன். அவனையும் கூட்டிப் போயிருக்கலாமே என்பாய். லீவரில் ஆளில்லாவிட்டால் புகை நின்றுவிடுமே, அம்மிணி.

நூற்றெண்பது அடியில் தண்ணீர் பீறிட்டதாம். குழந்தை குட்டியோடு எல்லோரும் ஓடிவந்து நனைந்தார்களாம். புகையைப் பார்த்து வந்த பட்டாளம் அந்த நேரத்துக்குத்தான் சேர்ந்தது. நான் திரும்பியபோது ஓர் ஐம்பது பேர் கிடந்தார்கள். கலெம்பாவும் உன் புருஷனும் பக்கத்தில் பக்கத்தில். வண்டியில் மூன்றே குண்டு ஓட்டை. வெல்டு வைத்து அடைத்தாகிவிட்டது.

காய்ச்சலில் போனான் என்று உன்னிடம் சொன்னது பொய். கேட்டாய், சொல்லிவிட்டேன். போலீசுக்கு வேண்டுமானாலும் போ, அங்கேயும் இதையேதான் சொல்வேன். நான் ஒருத்தரையும் சுடவில்லை. ஒரு குழாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

வண்டி முகப்பில் 'சென்னிமலை' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன், வந்து பார். நன்றி கெட்டவன் என்று என்னை எவனாவது சொல்லட்டும் பார்க்கலாம்.