பூதத்தின் சிரிப்பு

மருமகள்: மாமா, மைக்கை விட்டு ஒரு சாண் தள்ளி நில்லுங்க. மூக்கு முட்டிடும் போல...

மாமனார்: முப்பது வருஷம் வில்லனுக்கெல்லாம் குரல் குடுத்தவனுக்கு, மைக் எங்க இருக்குன்னு சொல்லித் தர்றியா?

மருமகள்: கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உக்காந்துட்டா நான் மருமக இல்ல, சவுண்ட் இன்ஜினியர். தள்ளுங்க.

மாமனார்: சரி தாயே... தள்ளியாச்சு. என்ன படிக்கணும்?

மருமகள்: பூதத்தோட வசனம். சும்மா ஒப்புக்குத்தான். ஹீரோ பதில் சொல்ல எவ்வளவு இடைவெளி விடணும்னு பாக்கணும். நிஜமா பேசப்போறவரு மத்தியானம் வருவாரு.

மாமனார்: என் தொண்டை ஒப்புக்குக்கூட ஒப்பாதேம்மா. ஆபரேஷன் முடிஞ்சு எட்டு மாசம் ஆச்சு. முப்பது வருஷ சிநேகிதன், போன்ல என்கிட்டயே "யாருங்க பேசுறது"ன்னு கேட்டான். அன்னிக்கு மூடுன வாய்.

மருமகள்: மூடுன வாயா? வந்ததுலேர்ந்து என்னை ஒரு வார்த்தை பேச விடல!

மாமனார்: நீ வீட்டு ஆளு. அது கணக்குல வராது... "மூடியைத் திறந்தவனே! மூன்று வரம் கேள்!" ஏம்மா, எந்தப் படத்துல பாத்தாலும் மூணுதானா? நாலாவது கேட்டா பூதத்துக்குக் கட்டுப்படியாகாதா?

மருமகள்: மூணுல ஒண்ணு பாட்டுக்கே போயிடும் மாமா. ஹீரோயினோட பனிமலைக்குப் போகணுமே.

மாமனார்: ஆமா. அதுங்க ரெண்டும் ஆடும். கூட்டிட்டுப் போன பூதம் மட்டும் வெத்து உடம்போட, குளிர்ல கையைக் கட்டிக்கிட்டு நிக்கும். பாவம், ஒரு சட்டை கேட்டு வாங்க அதுக்கு வரமே கிடையாது!

மருமகள்: ஐயோ, சிரிக்க வைக்காதீங்க... என் சிரிப்பும் பதிவாகுது.

மாமனார்: பதிவாகுதா? ஒப்புக்குன்னே?

மருமகள்: அது... பழக்க தோஷம். கை தானா பட்டனுக்குப் போயிடுச்சு. அடுத்த வரி.

மாமனார்: "ஆயிரம் ஆண்டுகள் இந்த ஜாடிக்குள் கிடந்தேன். என் குரலையே..." இரு, தண்ணி குடிச்சிக்கறேன்.

மருமகள்: தாளைப் பாக்காமயே சொல்றீங்க?

மாமனார்: பெரிய எழுத்தா இருக்கு, பாத்ததும் ஒட்டிக்கிச்சு. ஆனா கரகரங்குதே...

மருமகள்: கரகரங்கட்டும். ஆயிரம் வருஷம் ஜாடிக்குள்ள கிடந்தவன் குரல், தேன் மாதிரியா இருக்கும்? இன்னொரு தடவை.

மாமனார்: "என் குரலையே நான் மறந்துவிட்டேன். கேட்கிறதா... உனக்குக் கேட்கிறதா?"

மருமகள்: ...கேக்குது மாமா. நல்லா கேக்குது.

மாமனார்: ஏன்ம்மா எந்திரிச்சு நிக்கறே?

மருமகள்: கால் மரத்துப் போச்சு. அடுத்தது சிரிப்பு.

மாமனார்: சிரிப்பா? வேணாம்மா, டாக்டர் என்ன சொல்வாரோ...

மருமகள்: கேட்டுட்டேன். தாராளமா சிரிக்கலாம்னாரு.

மாமனார்: ஒப்புக்குப் படிக்கிறதுக்கு டாக்டர் வரைக்கும் போனியா?

மருமகள்: போகல... வழியில பாத்தேன். பேச்சோட பேச்சா... சிரிங்க மாமா!

மாமனார்: ஹ... ஹஹ... ஹா ஹா ஹா ஹாஆஆ!

மருமகள்: ஆச்சு மாமா, பதிவாயிடுச்சு.

மாமனார்: என்ன, அவ்வளவுதானா? மோசமா?

மருமகள்: உடம்பே சிலிர்த்துப் போச்சு மாமா.

மாமனார்: போதும் போதும். பேச வர்றவரு என்னைப் பாத்தா சங்கடப்படுவாரு. நான் கிளம்பறேன்.

மருமகள்: அவரு வரமாட்டாரு.

மாமனார்: ஏன்?

மருமகள்: அப்படி ஒருத்தரே இல்ல. போன மாசம் டிவி முன்னாடி நின்னு, செய்தி வாசிக்கிறவரைத் திட்டித் தீத்தீங்களே... அதை போன்ல பிடிச்சு டைரக்டருக்குப் போட்டுக் காட்டினேன். "இவருதான் என் பூதம்"னு துள்ளிக் குதிச்சாரு. சொன்னா வரமாட்டீங்கன்னுதான் மறைச்சேன்... கோவமா மாமா?

மாமனார்: கோவமா? உன் பையில இதே வசனம் இருந்த இன்னொரு தாளைப் போன வாரமே பாத்துட்டேன். மேல உன் கையெழுத்துல "பூதம் - எங்க மாமா"ன்னு இருந்துச்சு. ஏழு நாளா குளியலறையில குழாயைத் திறந்து விட்டுட்டு, உள்ள நான் குளிச்சிட்டா இருந்தேன்னு நினைச்சே? சிரிச்சுப் பழகிட்டிருந்தேன்ம்மா!