நெடும்பாசேரிக்கு முக்கா மணிக்கூரு

...கத்தியை மீசையில இருந்து அங்கோட்டு மாத்து மக்கா ஸ்டெனி. மொதல்ல தாடையை மட்டும் வழி. மீசையில கை வைக்காத, நான் சொல்லி முடிக்கட்டு. பந்தயத்துல தோத்தவன்தான், ஒத்துக்கிடுதேன். ஆனா அது ஒரு பந்தயமாடே? நீயே சொல்லு... வேண்டாம், நீ சொல்லாத, கேளு.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுல இருந்து கொச்சி நெடும்பாசேரிக்கு நேரா பறந்தா இருநூறு கிலோமீட்டர்கூட இல்ல. முக்கா மணிக்கூரு! நம்ம தக்கலையில இருந்து நாரோயில் போயி ஒரு வேட்டி எடுத்துட்டு வர நேரம்கூட ஆவாது. எனக்க மவ அபிதா எறணாகுளத்துல புது வீடு கட்டி, பிரதிஷ்டை ஜெபம் வச்சிருந்தாள்லா? நான் பிளைட்டுல போறேன்னு சொன்னேன். சொன்னது ஒரு குத்தமா? பக்கத்து வீட்டு பொன்னுலிங்கத்துக்குப் பொறுக்கல. 'வே ரசலையன், நான் பஸ்சுல போயி ரயிலு மாறி, உமக்கு முன்ன அபிதா வீட்டு நடையில நிப்பேன்'னான். பிந்துனவன் மீசையை எடுக்கணும். செரின்னுட்டேன். கணக்கு தெரிஞ்சவன்லா நான்!

ஒண்ணாத்தான் கெளம்புனோம். முக்கா மணிக்கூரு பறக்கதுக்கு, ரெண்டு மணிக்கூரு முன்ன வந்து நிக்கணுமாம். பெல்ட்டைக் கழத்துங்கான், கையைத் தூக்குங்கான்... சவத்தைத் தள்ளு. ஏறி இருந்தேன், ஜன்னல் வழியா கடலைப் பாத்தேன், எறங்குன்னுட்டாவ. அவ்வளவுதான் பயணம்! எறங்குன ஒடனே பொன்னுலிங்கத்துக்குப் போன் போட்டேன். 'காயங்குளம்'னான். நான் சிரிச்ச சிரிப்பைக் கேட்டு போலீசுகாரன் திரும்பிப் பாத்தான்.

டாக்சியா? கேட்டான், கேட்டான், நாலு பேரு வந்து கேட்டான். நான் போவேனா? நம்ம ஊருல ஒருத்தன் துபாய்ல இருந்து வந்தா வேன் நெறைய ஆளு கூப்பிடப் போவாவளா இல்லியா? ஏர்போர்ட்டுல எறங்குனவன் ஒத்தையில டாக்சி புடிச்சுப் போயி எறங்குனா, அது ஒரு மருவாதியா? அதுக்குத்தான் முந்துன நாளே மருமவன் ஜெப்சனைக் கூப்பிட்டுச் சொல்லி வச்சேன். 'வேன் புடிச்சு, மாலை வாங்கி, நம்ம ஆளுவ ஒருத்தரும் குறையாம வரணும்'னு.

நின்னேன். பொறவு பெட்டிக்க மேல இருந்தேன். வெயிலு ஏறுது, வயிறு காந்துது. போன் போட்டா, 'எல்லாரும் ரெடி மாமா, ஒரு ஆளு மட்டும் வரணும், வந்த ஒடனே வண்டியை எடுத்துருவோம்'ங்கான். சொன்ன சொல்லைக் காப்பாத்துத பயலுன்னு நானே மெச்சிக்கிட்டேன், கேட்டியா!

வந்துச்சு வேனு. கதவைத் தொறந்து, மாலையைத் தூக்கிக்கிட்டு மொத ஆளா எறங்குனது ஆருன்னு நெனைக்க? பொன்னுலிங்கம்! அபிதா வீட்டுல சோறும் தின்னு, ஏப்பமும் விட்டுக்கிட்டு வாறான். அந்த ஒரு ஆளு அவன்தான்! அவன் வந்து சேருத வரைக்கும் வேனை எடுக்கல. 'நீங்கதான மாமா ஒருத்தரும் குறையப்பிடாதுன்னு சொன்னிய?'ன்னு ஜெப்சன் கேக்கான். தலையைக் குனிஞ்சேன், பொன்னுலிங்கம் மாலையைப் போட்டுட்டான்.

ஆனாலும் மக்கா, ஆகாசத்துல வந்தவனுக்குன்னு ஒரு கணக்கு... ஏலே! மேலுதட்டுல என்னலே குளுகுளுன்னு இருக்கு? கண்ணாடியை இஞ்ச காட்டு... அடப்பாவி! ஒரு பக்கத்தைக் காணோமே! எப்பம்லே எடுத்த? பொன்னுலிங்கம் நேத்தே ஒனக்க கடைக்கு வந்தானா? 'அவரைப் பேசவிட்டு எடு'ன்னு சொல்லிக் குடுத்தானா? சிரிக்காத!

செரி, மத்தப் பக்கத்தையும் எடு. இனி நான் வாயைத் தொறக்கல.