பனி பெய்யாத கரையில் ஒரு காதல் அலமாரி

தலைமை தாங்கி, கையில் ஒரு பூட்டையும் தாங்கி வந்திருக்கும் எங்கள் பங்கு நூலகத் தலைவர் டைட்டஸ் மாமா அவர்களே! அந்தப் பூட்டைப் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருக்கும் பங்குத்தந்தை அவர்களே! வலையை உலர்த்திவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! முந்திரிக்கொத்துச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு ஓடிவந்த தாய்மார்களே! கடைசி வரிசையில் விசிலடிக்கும் வீரர்களே! பன்னிரண்டாம் வகுப்பு ஜினியின் பணிவான, சரி, பாதிப் பணிவான வணக்கம்!

இன்றைய தீர்மானம் என்ன? கிறிஸ்துமஸ் காதல் நாவல்கள் இருக்கும் அலமாரியைப் பூட்டுவது! ஏன்? தலைவரின் மகள் ஷிஜியக்காவுக்கும் படகுத்தொழில் பார்க்கும் சிஜோ அண்ணனுக்கும் சம்பந்தம் பேசி, வட்டயப்பமும் தின்றாயிற்று. அப்புறம் அக்கா சொன்னாள்: "கிறிஸ்துமஸ் ராத்திரிக்குள்ள அவரே வந்து எங்கிட்ட கேக்கட்டும். வரலைன்னா வேண்டாம்." சிஜோ அண்ணனோ ஆழ்கடலில் இருக்கிறார்! "புஸ்தகம் கெடுத்த புத்தி" என்றார் மாமா. பூட்டு வந்துவிட்டது.

அவையோரே, அந்த அலமாரியை அரித்துத் தின்றவள் நான். சுகமான தீனி! வெண்பனி விழும். விளக்கு மின்னும். கேக் கடைக்காரி முறைப்பாள். பட்டணத்துக்காரன் வழுக்கி விழுவான். விழுந்தவன் எழவே மாட்டான்! இருபதாம் தேதி பார்வை, இருபத்திரண்டில் பிணக்கு, இருபத்தைந்தில் கல்யாணம்! ஃபாதர், நீங்களே சொல்லுங்கள். கிறிஸ்துமஸ் அன்றைக்கே கல்யாணமா? இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடையிருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு ஓலை வாசிக்காமல் விடுவீர்களா? அந்தக் கதாநாயகன் நம் பங்குக்கு வந்தால் பொங்கல்வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்! சிரியாதீங்க மாமி, உள்ளதைத்தானே சொல்லுதேன்.

ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. அந்தக் கதைகளில் எவன்மீதும் மீன் வாடை கிடையாது. காற்று மாறியதால் எவனும் தாமதித்ததில்லை. இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் கதவைத் தட்டியே தீருவான். அதைப் படித்துப் படித்து, ஷிஜியக்கா கடலுக்கே கெடு வைத்துவிட்டாள்! கடல் என்ன, நம் பள்ளிக்கூடமா, மணியடித்தால் வீட்டுக்கு அனுப்ப?

போன வாரம் அக்காவுக்குக் காய்ச்சல். துறைமுகத்திலிருந்து யாரோ வயர்லெஸில் சிஜோ அண்ணனுக்குச் சொல்லிவிட்டார்கள். அவர் படகிலிருந்து பக்கத்துப் படகுக்கு, அங்கிருந்து அடுத்த படகுக்கு என்று கைமாறிக் கைமாறிக் கரைக்கு வந்தது ஒரு கேள்வி: "ஷிஜிக்கு காய்ச்சல் விட்டுதா? கஞ்சி குடிச்சாளா?" நடுவில் எத்தனை காது! "ஏலே, அவ குடிச்சிருப்பா, நீ வலையைப் பாருலே!" என்று எவரோ ஏசியும் இருக்கிறார். நான் மூச்சிரைக்க ஓடிப்போய்ச் சொன்னால், போர்வைக்குள் நாவலோடு கிடந்த அக்கா என்ன சொன்னாள்? "ஏட்டி ஜினி, கஞ்சிதானா காதலு?"

என்ன, கடைசி வரிசையில்? "அப்போ பூட்டிரலாம்" என்கிறாயா சுஜின்? விடமாட்டேன்! இந்த மேடையில் நிற்கும்வரை விடமாட்டேன்!

தலைவர் அவர்களே, சம்பந்தம் பேசியபோது பெரியப்பாவைக் கேட்டீர்கள். ஃபாதரைக் கேட்டீர்கள். படகு முதலாளியைக்கூடக் கேட்டீர்கள். அடுக்களையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டது யார்? செசிலி மாமி, பெற்ற தாய் நீங்களாவது? யாருமில்லை! அந்த நாவல்களில் பனி பொய், தேதி பொய், வழுக்கி விழுவதும் பொய். ஆனால் ஒருவன் ஒருத்தியிடம் "உனக்குச் சம்மதமா?" என்று கேட்டு, பதில் வரும்வரை காத்து நிற்கிறானே, அது பொய்யா? நம் கரையில் ஒரு பெண்ணின் காதில் அந்தக் கேள்வி முதன்முதலாக விழுவது கல்யாணத்தன்றைக்கு, பீடத்தின் முன்னால், ஃபாதர் வாயிலிருந்து! வெளியே பிரியாணி வெந்து கிடக்கும்போது எவளால் "இல்லை" என்று சொல்ல முடியும்?

என் திருத்தம் இது. பூட்டு வேண்டாம். அக்கா கெடுவைக் கைவிடட்டும். படகு கரை அணைகிற அன்றைக்கு, மீன் வாடையோடே சிஜோ அண்ணன் வரட்டும், கேட்கட்டும். அவள் என்ன சொன்னாலும் அதுவே முடிவு, "வேண்டாம்" என்றாலும்!

அக்கா, ஏன் எழுந்துவிட்டாய்? சத்தமாகச் சொல்லு. கேட்டீர்களா? "தேதியை விட்டுட்டேன். ஆனா அப்பாவும் கேக்கணும்" என்கிறாள்!

மாமா, ஊரே உங்களைத்தான் பார்க்கிறது. இந்தாருங்கள் மைக். என்ன, வேண்டாமா? மைக் இல்லாமலே கேட்கிறார், நான் எடுத்துச் சொல்கிறேன்: "மக்கா, ஒனக்கு அவனைப் பிடிச்சிருக்கா?"

ஏலே, விசிலடியாதே! கேட்டுவிட்டால் காத்திருக்க வேண்டும்.

"வந்து கேக்கட்டும். அவருட்டயே சொல்லுதேன்." அப்படிச் சொல்லு அக்கா! மாமா, அந்தப் பூட்டு உங்கள் சைக்கிளுக்கு ஆகும்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி. பிறக்கப்போகும் பாலனின் பெயரால் வாழ்த்து. வயர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வேலை: படகு படகாகச் சொல்லி அனுப்புங்கள். அக்கா கஞ்சி குடித்துவிட்டாள். அடுத்த கேள்வியை அவர் நேரில் வந்து கேட்க வேண்டும். வணக்கம்!