தாட்சாயிணிக்கு முட்டை ஆகாது

அவித்த முட்டை என்றால் எனக்கு உயிர், இன்ஸ்பெக்டர் ஐயா. மிளகுத்தூள் தூவிச் சாப்பிட வேண்டும். ஆவடி குவார்ட்டர்ஸில் போன வருஷம் முழுக்க எனக்குத் தினமும் இரண்டு கிடைத்தன. ஒன்று என் பங்கு, மற்றது என் மனைவி தாட்சாயிணியின் பங்கு. வீணாக்கக் கூடாதல்லவா.

தாட்சாயிணி மேனாம்பேட்டுப் பெண். வாய் சும்மா இராது. எனக்குப் பதவி உயர்வு கைநழுவிய அன்று குழாயடியில் நின்று சொன்னாள்: "எங்க ஊட்டுக்காரரு ஒக்காந்த சேருக்குத்தான் பிரமோஷன் வந்துச்சு. இவரு இன்னும் அப்படியே கீறாரு." குழாயடியே சிரித்தது. நானும் சிரித்தேன். கோபப்படும் ஆள் இல்லை நான்.

அப்புறம் அவளுக்கு ஈறு வீங்கியது. பல் தேய்த்தால் ரத்தம். அம்பத்தூர் பல் டாக்டர் ரத்தம் சோதிக்கச் சொல்லி, முடிவை என்னிடம் தனியாக விளக்கினார், இங்கிலீஷில். சி-ரியாக்டிவ் புரோட்டீன் கூடியிருக்கிறதாம். வெளியே வந்து அவளிடம் தமிழில் சொன்னேன்: "உன் ரத்தத்துல புரதம் ஜாஸ்தியாம்." இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"அப்போ இன்னா துன்னக் கூடாது?"

"முட்டை, பருப்பு, பால், மீன்."

"மொத நாளு என் வாயைப் பாத்தப்போ ஈறைக் கிளீன் பண்ணணும்னாரே?"

"பத்தியமே போதும்."

"நீ படிச்ச ஆளு. சொன்னா சரியாத்தான் இருக்கும்."

சர்க்கரை வேறு இருந்ததால் சோற்றையும் குறைத்தேன். ரசத்தண்ணீர் தாராளமாகக் கொடுத்தேன். பல் ஒவ்வொன்றாக ஆட, பேச்சும் குறைந்தது. குழாயடிக்கு நானே குடம் எடுத்துப் போனேன். "பொண்டாட்டின்னா இப்படிப் பாக்கணும்" என்று மெச்சினார்கள்.

பக்கத்து வீட்டு வனஜாதான் தொல்லை. "அண்ணா, அக்கா துரும்பா ஆயிட்டாங்களே. இந்த முட்டையையாவது குடுங்க" என்று கொண்டுவந்தாள். வாங்கிக்கொண்டேன். நல்ல நாட்டுக்கோழி முட்டை.

நான் உரிப்பதைத் தாட்சாயிணி படுத்தபடியே பார்த்தாள். "ஒரே ஒரு துண்டு குடுய்யா" என்றாள். பத்தியத்தை முறிக்க எனக்கு மனசு வரவில்லை.

டாக்டர் சொன்ன மீதியையும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் அவரைக் கேட்பீர்கள். அந்தப் புரதம் தின்பதால் வருவதில்லை. ஈறு புண்ணாகிக் கிடப்பதால் உடம்பே உண்டாக்குவது. ஈறைச் சுத்தம் செய்து, வயிறாரச் சாப்பாடு போட்டால் இறங்கிவிடும் என்றார். எனக்கு அன்றைக்கே புரிந்தது. நான் படித்த ஆள்தானே.

பட்டினி போட்டுக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: கடைசிவரை அவள் என் பேச்சைத் தட்டவில்லை. எங்களைப் போல ஒற்றுமையான தம்பதி அந்தக் குவார்ட்டர்ஸிலேயே கிடையாது.