வெச்சாச்சு

இல்லக்கா, யாரும் துரத்தல. பஸ்ஸும் இருக்கு, என்கிட்ட ஸ்கூட்டரும் இருக்கு, அதோ நிக்குதே. சும்மாதான் ஓடறோம். வண்டலூர்ல காலைல அஞ்சு மணிக்கு ஆரம்பிச்சு புதுப்பாக்கம் வரைக்கும் போய்ட்டு மறுபடியும் வண்டலூர். முப்பத்திரெண்டு கிலோமீட்டர். ஆமா, நடுவுல ஒக்காரக் கூடாது. ஜெயிச்சா இன்னா தருவாங்களா? நாளைக்கு ஒண்ணும் கெடையாது, இது பிராக்டிஸ். ஜனவரியில நாப்பத்திரெண்டு ஓடறோம், அதுக்கு ஒரு மெடல் உண்டு. தகரம்தான். சிரிங்க, பரவால்ல. என் வொய்ஃபும் இப்படித்தான் சிரிப்பா.

டீக்கு சக்கரை கொஞ்சம் கூடவே போடுங்க. நாளைக்கு வேணும்.

நான் வந்தது இந்த ரெண்டு பாட்டிலுக்காகத்தான். உங்க கடைக்குள்ள இருக்கட்டும், காலைல ஏழரைக்கு திரும்பி வரப்ப எடுத்துக்கறோம். ஞாயித்துக்கிழமதான், தொறப்பீங்கல்ல? ஒண்ணு எனக்கு, ஒண்ணு சிரோமணிக்கு. யாருன்னு தெரியலையா? போன வருஷம் அக்டோபர்ல உங்க கடைக்கு எதிர விழுந்தானே, ஒல்லியா, உசரமா, வழுக்கை. மடியில தலைய வெச்சு தண்ணி ஊத்தி, நூத்தியெட்டுக்குப் போன் போட்டீங்களே, அவன்தான். வேதசிரோமணி. இருக்கான், இருக்கான். ஆஸ்பத்திரியில ஒம்பது நாள். கிட்னி போய்டும்னு பயமுறுத்தினாங்க, தப்பிச்சுட்டான். அதுக்கப்புறம் நாளைக்குத்தான் மொத லாங் ரன். உங்களப் பாத்து நன்றி சொல்லணும், அப்படியே ஒண்ணு கேக்கணும்னு ஒரு வாரமா சொல்லிட்டிருக்கான். அதான், அவனுக்கு முன்னாடி நான் வந்துட்டேன்.

என்ன கேப்பானா? சொல்றேன். மொதல்ல டீயக் குடுங்க.

எழுந்து ஓடிட முடியாதுக்கா, இதுக்கு ஒரு வாரம் தயாராவணும். வியாழக்கிழமையிலேர்ந்து சோறு கொஞ்சம் கூட. சனிக்கிழம கறி, மீனு எதையும் தொடக் கூடாது. தயிர் சாதம், உருளைக்கிழங்கு, உப்புப் போட்ட எலுமிச்சத் தண்ணி. கால் நகத்த ஒட்ட வெட்டணும், இல்லன்னா பாதி வழியில சாக்ஸெல்லாம் ரத்தம். புது சாக்ஸ் போடவே கூடாது. வாஸ்லின் தடவணும், எங்கெங்கன்னு உங்ககிட்ட சொல்ல முடியாது. ஒம்பது மணிக்குப் படுத்தா மூணரைக்கு எழுந்துக்கலாம். ஒரு வாழப்பழம், பால் இல்லாத காபி, அப்புறம் பாத்ரூம். அது நடக்கலன்னா ஓட்டமே இல்ல. இந்த அம்பத்தாறு வயசுலயும் உடம்பு சொன்ன பேச்சு கேக்குது. மனசுதான் தகராறு.

மனசுக்கும் ஒரு வழி இருக்கு. முப்பத்திரெண்டுன்னு நெனைக்கவே கூடாது. அடுத்த லைட் கம்பம். அது வந்ததும் அதுக்கடுத்தது. இத எனக்கு சொல்லிக் குடுத்ததே சிரோமணிதான். அஸ்தினாபுரத்துல எங்க வீட்லேர்ந்து நாலு வீடு தள்ளி இருக்கான். கம்பெனியில என்ன வேலைய விட்டுப் போகச் சொன்னப்ப நான் ரெண்டு மாசம் வெளியவே வராம கெடந்தேன். கதவத் தட்டி, வாடா நடக்கலாம்னு இழுத்துட்டுப் போனவன் அவன். நடந்து நடந்துதான் ஓட ஆரம்பிச்சோம்.

ஆனா இருபது கிலோமீட்டர் தாண்டினா கம்பமெல்லாம் கணக்குல நிக்காது. தெம்பு கொறைய கொறைய, உள்ள கெடக்கறத ஒவ்வொண்ணா எடுத்து வெளிய போடும் மனசு. நீ அப்படிப் பண்ணியே, நீ இப்படிச் சொன்னியேன்னு. அந்த நேரத்துல பேச்ச மாத்தறதுக்குப் பக்கத்துல ஆள் இருக்காது. போன அக்டோபருக்கு அப்புறம் நான் இருபதுக்கு மேல ஓடினதே இல்லக்கா. முட்டி வலின்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். முட்டி நல்லாத்தான் இருக்கு.

தண்ணியா? தூக்கிட்டு ஓட முடியாது, கனம். போறப்ப கையில ஒரு பாட்டில், புதுப்பாக்கத்துல திரும்பறப்ப அது காலியாயிடும். அதனால முந்தின நாள் சாயங்காலமே யாராவது ஒருத்தர் வண்டியில வந்து வழியில பாட்டில மறைச்சு வெச்சுட்டுப் போய்டுவோம். வாரம் ஒருத்தர் முறை. வெச்சதும் குரூப்ல வெச்சாச்சுன்னு ஒரு மெசேஜ். அத நம்பித்தான் மத்தவங்க ஓடுவாங்க. சிரோமணி செல்லும் எடுக்க மாட்டான், காசும் எடுக்க மாட்டான். அவன் விழுந்த வாரம் என் முறை, அன்னிக்கு புதுப்பாக்கம் வரைக்கும் போனது நானும் அவனும் மட்டும்தான். அதோ, அந்தக் கிலோமீட்டர் கல்லுக்குப் பின்னால வெக்கணும்.

ஆமாமா, அங்கதான் நின்னுட்டிருந்திருக்கான். கடைக்கு எதிர ஒண்ணுக்குப் போறியான்னு நீங்க திட்டினத அவனே சொல்லி சொல்லி சிரிப்பான். காதுகுத்துக்குப் போய்ட்டு அன்னிக்கு எட்டு மணிக்கு மேலதான் நீங்க வந்தீங்களாமே.

இப்ப அவன் என்ன நெனச்சிட்டிருக்கான்னா, பாட்டில் இருந்திருக்கு, தனக்குத்தான் கண்ணு தெரியலன்னு. ஆஸ்பத்திரியில என்னப் பாத்ததும் மொத வார்த்தை, சாரிடா, நீ வெச்சத நான் சரியா தேடலன்னான். அவன் வொய்ஃப் ஞானசௌந்தரி டீச்சர், விடுவாங்களா? எதிர்ல இருக்கற பாட்டில் தெரியாத மனுஷனுக்கு லாரி தெரியுமான்னு கண் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போய் கண்ணாடி மாட்டி விட்டுட்டாங்க. நாளைக்கு அதக் கயிறு கட்டி மாட்டிட்டு ஓடப் போறான். நேத்து மொட்ட மாடியில ஓடிக் காட்டினான். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் பிக்பாக்கெட்காரனத் துரத்தற மாதிரி இருந்துச்சு. நானும் சேந்து சிரிச்சேன். 

அதான்க்கா விஷயம். அன்னிக்கு அந்தக் கல்லுக்குப் பின்னால பாட்டில் இருந்துச்சா, நீங்க பாத்தீங்களான்னு கேப்பான். ஆமா சார், சனிக்கிழம கடை மூடறப்ப இருந்துச்சு, அப்புறம் பாட்டில் பொறுக்கறவங்க யாரோ எடுத்துட்டாங்க போலன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. அவ்ளோதான். கண்ணுல கோளாறு இல்லன்னு அவனுக்கும் நிம்மதி. நானே சொல்லிப் பாத்தேன், யாராவது எடுத்திருப்பாங்கடான்னு. நீ வெச்சா அவ்ளோ சுளுவா எவனுக்கும் கெடைக்காதுடாங்கறான். நீங்க சொன்னா நம்புவான்.

பொய்தான். அவனுக்கு நல்லதுதானேக்கா.

எடுத்தவங்கள நான் பாத்தேனாவா?

இல்ல.

எடுக்கறதுக்கு அங்க ஒண்ணும் இல்லக்கா.

அன்னிக்கு சாயங்காலம் தூறல். வண்டலூர் ஜூகிட்ட ஒரே கூட்டம், முக்கா மணி நேரம் வண்டி நகரல. வெறுத்துப் போய்த் திரும்பிட்டேன். பாட்டில் சீட்டுக்கடியிலயே கெடந்துச்சு. விடிகாலையில வந்து வெச்சுக்கலாம்னு நெனச்சு, வெச்சாச்சுன்னு மெசேஜ் போட்டேன். தூங்கிட்டேன். அஞ்சு மணிக்கு அத்தன பேரும் நிக்கறப்ப, வெக்கலன்னு சொல்ல வாய் வரல. வழியில உங்க கடை இருக்கே, கேட்டு வாங்கிக் குடிச்சுப்பான்னு எனக்கு நானே சொல்லிகிட்டேன். நான் மட்டும் இடுப்புல ரெண்டு பாட்டில் கட்டிகிட்டேன், எனக்குத் தெரியுமே. அவனுக்கு முன்னாடி ஓடறவன் நான். திரும்பி இங்க வந்தப்ப கடை மூடியிருந்தத பாத்தேன். பாத்துட்டு ஓடிட்டேன்.

இல்லக்கா, கோவமா சொல்லுங்க, கேட்டுக்கறேன்.

என்ன, சிரோமணி செங்கல்லயா?

அந்த ஓரத்துல அடுக்கியிருந்தது பூராவுமா? ஒண்ணொண்ணா தூக்கிப் பாத்துகினு இருந்தாரா...

அது நான் சொன்னதுக்கா. கெளம்பறப்ப, எங்கடா வெச்சிருக்கன்னு கேட்டான். கல்லுக்குப் பின்னால, ரெண்டு செங்கல்லுக்கு நடுவுலன்னேன்.