இளமை திரும்பிய எலிகள்

வெள்ளை எலிகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும் என்பார்கள். பழகினால் அப்படியில்லை, ஐயா. ஆராய்ச்சிக்கூடத்தில் பதினான்கு வருடம் கூண்டு கழுவியவன் சொல்கிறேன். ஆனால் எங்கள் டாக்டரம்மாவுக்கு எலிகளின் முகம் பிடிபடாது. காதோரத்தில் போட்டிருக்கும் வெட்டைப் பார்த்துத்தான் இது எத்தனையாவது எலி என்று சொல்வார்.

அவருக்கு வாழ்க்கையில் ஒரே கேள்விதான். ஆமை நூறு வருடம் இருக்கிறதே, எலி ஏன் இரண்டே வருடத்தில் போய்விடுகிறது? மனிதரிலும் ஒருவர் எண்பதைத் தாண்டுகிறார், இன்னொருவர் நாற்பதிலேயே கண்ணை மூடுகிறார். அது ஏன்? ஆயுளைக் கூட்ட அவரே ஒரு மருந்து செய்தார். நாற்பது எலிகளுக்கு மருந்து, நாற்பதுக்கு வெறும் தண்ணீர். எது அதிக நாள் தாங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

மருந்து குடித்தவைதான் முதலில் சாக ஆரம்பித்தன. முதல் எலி போன அன்று டாக்டரம்மா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். "பதினோரு வருஷ உழைப்புப்பா," என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை.

அடுத்த எலி செத்ததை அவர் வருவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். பக்கத்து அறையிலிருந்து இளசாக ஒன்றைப் பிடித்துவந்து, காதில் அதே இடத்தில் அதே வெட்டைப் போட்டு, கூண்டில் விட்டேன். இரண்டு நிமிட வேலை.

"இங்க பாரேன், கொட்டின முடியெல்லாம் திரும்ப முளைச்சிருக்கு," என்றார் டாக்டரம்மா. அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அதற்கப்புறம் எப்படி நிறுத்துவது, நீங்களே சொல்லுங்கள். மொத்தம் முப்பத்தேழு மாற்றினேன். தண்ணீர் குடித்த எலிகளின் கூண்டுகளில் மட்டும் கை வைக்கவில்லை. ஆராய்ச்சி என்றால் ஒரு நேர்மை வேண்டாமா?

செத்தவற்றை எரிக்கப்போகும்போது கவனித்தேன். எல்லாவற்றுக்கும் வயிறு வீங்கியிருந்தது.

பிறகு மருந்து மாத்திரையாகி மனிதர்களுக்கு வந்தது. பரிசோதனைக்கு என் தங்கையும் பெயர் கொடுத்தாள். எங்கள் அப்பா, பெரியண்ணன், யாருமே நாற்பதைத் தாண்டவில்லை. அவளுக்கு முப்பத்தெட்டு, மகளுக்கு ஆறு வயது. பிள்ளையை ஆளாக்கும்வரையாவது இருக்க வேண்டும் என்று தவித்தாள்.

"ஏண்ணா, நீ கூடவே இருந்து பாத்தவன். நிஜமாவே ஆயுசு கூடுதா?"

"தைரியமா சாப்பிடும்மா. ஒண்ணும் ஆகாது."

வேறென்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் நேரே டாக்டரம்மாவிடம் போய் நிற்பாள். அந்த அம்மா இடிந்துபோய்விடுவார்.

நாலாம் மாதம் தங்கைக்கு வயிறு வீங்கியது. போன் செய்தாள். "எலிங்களுக்கு இப்படி ஏதாவது ஆச்சாண்ணா?"

"இல்லவே இல்லம்மா."

"அப்ப சரி," என்றாள். மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

ஆமாம், ஐயா. தெரிந்தேதான் சொன்னேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவளோடு சேர்த்து ஒன்பது பேர் போய்விட்டார்கள். கடைசி வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் "அண்ணனைக் கூப்பிடுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். நான் போகவில்லை. அடுத்தவர் கஷ்டப்படுவதைப் பார்த்தால் எனக்குத் தாங்காது.